ஆவியைப் பிரிக்கும் சவ்வு

திருப்பதி மாவட்டத்து ஸ்ரீசிட்டி தொழில் நகரில் மோட்டார் வாகனங்கள் செய்யப்படுகின்றன. வாகனங்களுக்கு வர்ணம் பூசும்பொழுது தொலுவீன், சைலீன் போன்ற கரைப்பான்கள் ஆவியாகின்றன. சித்தூர்–திருப்பதி சாலையிலுள்ள பெட்ரோல் நிலையங்களில், லாரியிலிருந்து நிலத்தடித் தொட்டிக்குப் பெட்ரோல் இறக்கப்படும்பொழுது, தொட்டியில் நிறைந்திருந்த ஆவி வெளியே தள்ளப்படுகிறது. இத்தகைய ஆவிகள் சூரிய ஒளியில் நைட்ரஜன் ஆக்ஸைடுகளுடன் சேர்ந்து ஓசோனைத் தோற்றுவிக்கின்றன. பெட்ரோலில் அடங்கிய பென்சீனோ புற்றுநோய் விளைவிக்க வல்லது. இவ்விரு இடங்களுக்கும் ஒரே பரிகாரம் பொருந்துமா?

எளிய சோதனை

ரப்பர் பலூன் ஒன்றினுள் சில துளி வனிலா எஸன்ஸை விட்டு, ஊதிக் கட்டுக. சிறிது நேரத்தில் வெளியே மணம் வீசும். பலூனில் ஓட்டை இல்லை. மணப்பொருள் ரப்பரில் கரைந்து, ஊடே நகர்ந்து, மறுபுறம் வெளிப்படுகிறது. ரப்பரின் வழியே வாயுக்கள் செல்வதற்கு இவ்விளக்கத்தை 1866-இல் தாமஸ் கிரஹாம் என்னும் வேதியியலறிஞர் அளித்தார்.

கருவி இயங்கும் முறை

சிலிகோன் ரப்பரினாலான மெல்லிய சவ்வின் ஒருபுறம் ஆவி கலந்த காற்று செலுத்தப்படுகிறது. மறுபுறத்தில் வெற்றிடப் பம்பு அழுத்தத்தைக் குறைக்கிறது. கரைப்பானாவி காற்றைவிடப் பன்மடங்கு விரைவாக ஊடுருவுகிறது. அது குளிர்விக்கப்பட்டுத் திரவமாகத் திரும்பப் பெறப்படுகிறது. 1980-களின் இறுதி முதல் பெட்ரோல் ஆவியை மீட்க இம்முறை வெளிநாடுகளில் கையாளப்பட்டு வருகிறது.

சவ்வின் எல்லை

ஒருபுறம் 1 வளிமண்டல அழுத்தமும், மறுபுறம் அதில் பத்திலொரு பங்கும் இருப்பதாகக் கொள்வோம். எவ்வளவு சிறந்த சவ்வாயினும், ஆவியின் செறிவை 10 மடங்குக்கு மேல் உயர்த்த இயலாது. பெட்ரோல் தொட்டியின் காற்றில் நூற்றுக்கு 10 பங்குக்கு மேலும் ஆவி இருக்கக்கூடும். ஆகவே அது எளிதில் திரவமாகும். வர்ணக் கூடத்துக் காற்றில் 10,000-க்கு 1 பங்கு ஆவியே இருப்பின், அது 1,000-க்கு 1 பங்காக மட்டுமே உயரும். சாதாரணக் குளிர்ச்சியில் திரவமாகாது. அன்றியும், அங்கு பெருமளவுக் காற்றைக் கையாள வேண்டும். அவ்விடத்திற்குக் கரியில் ஈர்த்தலோ, எரித்தலோ ஏற்றது.

ஆதலின், கருவியைத் தேர்ந்தெடுக்குமுன் ஆவியின் செறிவையும் காற்றின் அளவையும் அளந்தறிதல் களப்பணியாளரின் முதற்கடமையாகும். பொருந்தாத இடத்தில் நிறுவிய சவ்வு பொருளையும் மீட்காது. தொழிலாளியின் மூச்சையும் காக்காது.