நம்ம மாவட்டத்துப் புள்ளலூர் போர்



“இரண்டாம் ஆங்கில – மைசூர் போர், 1780 – 1784” என்று வரலாற்றில் படிக்கிறோம். ஆண்டை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு விட்டுடறோம். அந்தப் போரில் நடந்த பெரிய சண்டை ஒன்று நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூரில்தான் நடந்தது. ஆங்கிலேயர் வாயில் அது ‘பொள்ளிலூர்’ ஆயிடுச்சு.

எப்படி நடந்தது?

1780 ஜூலையில் மைசூர் ஹைதர் அலி பெரும்படையோடு ஆற்காட்டுச் சீமைக்குள் வந்தார். ஆங்கிலத் தளபதி மன்றோ காஞ்சிபுரத்தில் இருந்தார். அவரோடு சேர்ந்துகொள்ள குண்டூர் பக்கமிருந்து கர்னல் பெய்லி படையோடு வந்தார். வழியில் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம்! பல நாள் கரையிலேயே காத்துக் கிடந்தார். ஆற்றைத் தாண்டி வந்ததும் ஹைதரின் மகன் திப்பு பெரம்பாக்கத்தில் மறித்தார். செப்டம்பர் 10-ஆம் தேதி புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் பெய்லியைச் சுற்றி வளைத்தார்கள். பெய்லியிடம் இருந்தது சுமார் 3,800 பேர்தான். அவருடைய வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. பெய்லி சரணடைந்தார். மன்றோ பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்தில் ஒரு குளத்தில் தள்ளிட்டு செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார்.

மைசூர் ராக்கெட்

இந்தப் போரில் மைசூர் படை ராக்கெட் விட்டது. மருந்தை இரும்புக் குழாயில் அடைத்தார்கள். காகிதக் குழாயை விட இரும்பு அதிக அழுத்தம் தாங்கும். அதனால ராக்கெட் ரொம்ப தூரம் போகும். பிறகு இங்கிலாந்தில் காங்கிரீவ் என்பவர் மைசூர் ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் தன் ராக்கெட்டைச் செய்தார். அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ராக்கெட் தளத்தில் திப்பு படையின் ஓவியத்தைப் பார்த்ததாக அப்துல் கலாம் ஐயா ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் சொல்லியிருக்கிறார்.

யாருக்கு நஷ்டம்?

ஆங்கிலப் படைக்கு நெல்லும் மாடும் கிடைக்கக் கூடாதுன்னு ஹைதரின் குதிரைப்படை ஊர்களை எரித்தது. சனங்க ஊரை விட்டு ஓடினாங்க. பயிர் வைக்க ஆள் இல்லை. பஞ்சம் வந்தது.

ஜெயிச்சவங்களுக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரிய ஓவியம் இருக்கு. 1781-ல் அங்கேயே மறுபடி நடந்த சண்டையில் செத்த ஆங்கில அதிகாரிகள் இருவருக்குப் புள்ளலூரில் நினைவுத்தூண் இருக்கு. வீடும் நெல்லும் போன குடியானவங்க பேரு ஓவியத்திலும் இல்லை, தூணிலும் இல்லை.

அதனால போர்ப் பாடம் படிக்கும்போது “யார் ஜெயிச்சாங்க?” என்று மட்டும் கேட்டால் போதாது. “அந்த ஊர் சனங்க என்ன ஆனாங்க?” என்றும் கேட்க வேண்டும்.

நினைவில் வைக்க: புள்ளலூர் போர் – 1780. மங்களூர் உடன்படிக்கை – 1784.

– 9-ஆம் வகுப்பு மாணவி