பெயின்ட் கடைசியில்: பழைய தோட்ட டிராக்டர்கள் குறித்த கேள்வி-பதில்

கேள்வி: உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் எல்லா வண்டிகளையும் ‘தோட்ட டிராக்டர்’ என்று சொல்லலாமா? சேகரிப்போர் 1960களின் அமெரிக்க வண்டிகளையே தேடிப் போவது ஏன்?

பதில்: சொல்ல முடியாது. புல் வெட்டுவதற்கென்றே செய்யப்பட்ட வண்டியின் சட்டம் மடித்த தகட்டால் ஆனது. அதன் கியர் பெட்டியும் சிறியது, பழுதானால் திறந்து பார்ப்பதைவிடத் தூக்கி எறிவதே மலிவு என்ற கணக்கில் செய்யப்பட்டது. தோட்ட டிராக்டர் என்பது கலப்பையையும் பனி தள்ளும் பலகையையும் இழுத்தும் தள்ளியும் உழைப்பதற்காகக் கனத்த இரும்புச் சட்டமும் வார்ப்பிரும்பாலான பின் அச்சுப் பெட்டியும் பெற்ற, உருவத்தில் மட்டுமே சிறியதான உண்மையான டிராக்டர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க நகரங்களின் புறத்தே ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் மனைகளில் குடியேறியவர்களுக்குப் பெரிய டிராக்டர் தேவைப்படவில்லை, கையால் தள்ளும் கருவியோ போதவில்லை. அந்த இடைவெளியில் பிறந்ததே இந்த வண்டி.

இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் பாண்ட் குடும்பத்தார் 1946இல் தொடங்கிய தொழில் ‘வீல் ஹார்ஸ்’ என்ற பெயரில் வளர்ந்தது. பெரிய டிராக்டர்களுக்குப் பெயர் பெற்ற இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961இல் கென்டக்கியின் லூயிவில் ஆலையிலிருந்து 7 குதிரைத்திறன் கொண்ட ‘கப் கேடட்’ வண்டியையும், ஜான் டீர் நிறுவனம் 1963இல் விஸ்கான்சினின் ஹோரிக்கான் ஆலையிலிருந்து ‘110’ என்ற வண்டியையும் கொண்டுவந்தன. போலன்ஸ், சிம்ப்ளிசிட்டி என்ற இரு போட்டி நிறுவனங்களும் மிச்சிகன் ஏரிக்கரையில் போர்ட் வாஷிங்டன் என்ற ஒரே சிற்றூரில் இயங்கின. இவற்றுள் பலவற்றுக்கு இன்ஜின் கொடுத்தது கோலர் நிறுவனம். குளியல் தொட்டிக்கும் கழிப்பறைச் சாமான்களுக்கும் பெயர் பெற்ற அதே நிறுவனம்தான். கப் கேடட்டின் கியர் பெட்டி ‘ஃபார்மால் கப்’ என்ற வயல் டிராக்டரின் கியர் பெட்டியை அடியொற்றிச் செய்யப்பட்டதால், வயலில் உழைக்கத் தகுந்த பற்சக்கரங்களுக்கு இங்கே கிடைத்த சுமை மிகக் குறைவு; அறுபது ஆண்டுகள் கழிந்தும் அவை பெரும்பாலும் தேயாமல் இருப்பதற்கு அதுவே காரணம். சேகரிப்போரின் விருப்பத்தில் பழைய நினைவுக்கும் பங்கு உண்டு என்றாலும், பிரித்துப் பழுது பார்க்கவென்றே வடிவமைக்கப்பட்ட இயந்திரம் என்பதே அதன் முதன்மையான ஈர்ப்பு எனலாம்.

கேள்வி: கொட்டகையில் பல ஆண்டுகள் கிடந்த கப் கேடட் ஒன்றின் இன்ஜின் சுழலவே மறுக்கிறது. புதிய பேட்டரி போட்டு ஸ்டார்ட்டரை அழுத்திப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. இறுகிய இன்ஜினை மின்சாரத்தால் உந்துவது ஸ்டார்ட்டரை இன்ஜினோடு இணைக்கும் பெல்ட்டை எரிக்கும். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரில் துருவோடு ஒட்டியிருந்தால் சுவரைக் கீறியும் விடும். வண்டி வந்து சேர்ந்த முதல் நாளில் செய்யத்தக்கது, நாலாபுறமும் படம் எடுத்து வைப்பதும், இன்ஜினை மூடியுள்ள தகட்டு உறையைக் கழற்றிப் பார்ப்பதுமே. காற்றால் குளிரும் இந்த இன்ஜினில் ஃப்ளைவீலின் சிறகுகள் உள்ளே தள்ளும் காற்று, சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய குளிர்விப்புத் தகடுகளின் ஊடே பாய வேண்டும். கொட்டகை எலிகளுக்கோ அந்த இடைவெளிதான் கூடு கட்ட உகந்த இடம். வைக்கோலும் பஞ்சும் கொட்டைத் தோலும் எலி மூத்திரத்தில் ஊறிக் களிபோல இறுகி, அலுமினியத் தலைப்பாகத்தை வெண்பொடியாக அரித்திருப்பதைக் காண்பது இத்துறையில் அன்றாடம். இந்தக் கூட்டோடு இன்ஜினை ஓட்டினால் அரை மணி நேரத்தில் அது வெந்துபோகும்.

அதன் பின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே துரு இளக்கும் எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஊறவிட வேண்டும். ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் அசிட்டோனும் சம அளவில் கலந்த கலவையைப் பலரும் பயன்படுத்துகின்றனர், ஆனால் அது எளிதில் தீப்பற்றும் என்பதால் திறந்த வெளியில்தான் கையாள வேண்டும். நாள்தோறும் ஃப்ளைவீலைக் கையால் முன்னும் பின்னும் சிறிது அசைத்துப் பார்ப்பதே போதும். அரை அங்குலம் நகர்ந்துவிட்டால் மீதி வழியை எண்ணெயே பார்த்துக்கொள்ளும். அசையவே இல்லையென்றால் தலைப்பாகத்தைத் திறக்கலாம். கோலரின் கே வரிசை இன்ஜின்கள் பக்கவால்வு வகையைச் சேர்ந்தவை, அதாவது வால்வுகள் தலைக்கு மேலே அல்லாமல் சிலிண்டரின் பக்கத்திலேயே நிற்பவை. ஆகவே சில போல்ட்டுகளைக் கழற்றியதும் பிஸ்டன் முகம், இரண்டு வால்வுகள், படிந்த கார்பன் எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பிஸ்டன் இறுகியதாக நினைத்த பல வண்டிகளில் உண்மையில் ஒட்டிக்கொண்டிருப்பது வெளியேற்று வால்வுதான் என்பது அப்போது புலப்படும். மீண்டும் மூடும்போது புதிய கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிர் வரிசையில், டார்க் ரெஞ்ச் கொண்டு படிப்படியாக முறுக்க வேண்டும். ஒரே சுற்றில் முறுக்கப்பட்ட அலுமினியத் தலை வளைந்துவிடும்.

கேள்வி: இன்ஜின் சுழல்கிறது, பெட்ரோலும் வருகிறது, ஆனால் தீப்பொறி இல்லை. காயில் வாங்க வேண்டுமா?

பதில்: காயில் கடைசி ஐயமாக இருக்கட்டும். இவ்வண்டிகளில் தீப்பொறியை உண்டாக்குவது, காயிலுக்குச் செல்லும் மின்னோட்டத்தைச் சரியான நொடியில் அறுத்துவிடும் ‘பாயிண்ட்’ என்ற இரு சிறு உலோக முனைகள். பழைய புல்லட் மோட்டார் சைக்கிளில் பாயிண்ட் சரிபார்த்துப் பழகிய கைகளுக்கு இதில் கற்க வேண்டியது அதிகமில்லை. நெடுநாள் கிடந்த வண்டியில் அந்த முனைகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்று படிந்து மின்சாரத்தைத் தடுத்துவிடும். இரு முனைகளுக்கும் நடுவே வெள்ளைத் தாள் துண்டு ஒன்றைச் செருகி இழுத்தால் தாளில் கருங்கோடு விழும். கோடு விழாமல் வரும் வரை இழுப்பதே பாதி வண்டிகளுக்குப் போதுமான சிகிச்சை. முனைகள் ஒருபுறம் குழிந்தும் மறுபுறம் மேடிட்டும் இருந்தால் கண்டென்சர் என்ற சிறு உருளை கெட்டிருக்கும். அதை மாற்றாமல் புதிய பாயிண்ட் போடுவது வீண்.

முனைகள் முழுதாகத் திறந்து நிற்கும்போது இடைவெளி 0.020 அங்குலம், அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது பொது அளவு. இந்த இடைவெளியே தீப்பொறியின் நேரத்தையும் தீர்மானிக்கிறது என்பதால், ஃபீலர் கேஜோடு நிறுத்திவிடாமல், ஃப்ளைவீலில் ‘எஸ்’ என்று வெட்டப்பட்ட குறி பார்வைத் துளையின் அடையாளத்துக்கு நேரே வரும் கணத்தில் முனைகள் திறக்கத் தொடங்குகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்; பிஸ்டன் உச்சிக்கு 20 பாகை முன்னதாகத் தீப்பொறி எழும் இடம் அது.

கேள்வி: அழுத்தமானி கொண்டு பார்த்ததில் இன்ஜினின் அழுத்தம் மிகக் குறைவாகக் காட்டுகிறது. லேத் பட்டறைக்கு அனுப்பிச் சிலிண்டரைப் போர் செய்து பெருக்கும் காலம் வந்துவிட்டதா?

பதில்: அந்த அளவீட்டை நம்பிப் பணம் செலவழித்தவர்கள் ஏராளம். ஸ்டார்ட் செய்வது எளிதாகட்டும் என்று, மெதுவாகச் சுழலும்போது வெளியேற்று வால்வைச் சற்றே தூக்கி அழுத்தத்தைக் கசியவிடும் ஏற்பாடு பெரும்பாலான கே வரிசை இன்ஜின்களின் கேம் தண்டில் இருப்பதால், நல்ல இன்ஜினும் மானியில் நோயாளியாகத் தெரியும். ஃப்ளைவீலைக் கையால் எதிர்த்திசையில் வேகமாகச் சுழற்றினால் அந்த ஏற்பாடு குறுக்கிடாது. சக்கரம் முட்டித் துள்ளித் திரும்பினால் அழுத்தம் போதுமானது என்று கொள்ளலாம். இன்ஜின் சூடான பின்னும் நீலப்புகை ஓயாமல் வருவது, எண்ணெய் நாள்தோறும் குறைவது, சுமை ஏறும்போது அடியிலிருந்து தட்டும் ஓசை கேட்பது ஆகியவையே பிரித்துப் பார்க்க வேண்டியதற்கு அறிகுறிகள். பிரித்தால் 0.010, 0.020, 0.030 அங்குலம் பெருத்த பிஸ்டன்கள் கிடைப்பதால் சிலிண்டரை மூன்று முறை வரை பெருக்க இடமுண்டு. எனவே முதல் தடவையிலேயே 0.030க்குத் தாவச் சொல்லும் பட்டறைக்காரரிடம் காரணம் கேட்பது முறை.

பெரிய கே வரிசை இன்ஜின்கள் சிலவற்றில் அதிர்வைக் குறைக்கவென்று கிராங்க் அறைக்குள் இரு சமன்சக்கரங்கள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றின் பேரிங் தேய்ந்து சக்கரம் கழன்றால் இன்ஜின் உடலே உடையும். பிரித்த கையோடு அவற்றை நீக்கிவிடுவதே இன்று பெரும்பான்மையோர் வழக்கம். அதிர்வு சிறிது கூடுவது அதற்குக் கொடுக்கும் விலை. இந்த இன்ஜின்களில் எண்ணெய்ப் பம்பு கிடையாது, கனெக்டிங் ராடின் அடியில் உள்ள நாக்கு எண்ணெயை அள்ளித் தெளிப்பதே உயவு முறை என்பதால், எண்ணெய் அளவை ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும் முன்பும் பார்ப்பதைக் காட்டிலும் பெரிய பராமரிப்பு வேறில்லை. ராடு முறிந்த இன்ஜின்களின் கதை பெரும்பாலும் எண்ணெய் குறைந்த கதையே.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல் இவற்றுக்கு ஆகுமா?

பதில்: ஓட்டும் நாளில் பெரிய தீங்கில்லை, கிடக்கும் நாளில்தான் தீங்கு. எத்தனால் ஈரத்தை இழுத்து, பழைய ரப்பர் குழாயை இளக்கி, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். குழாய்களை மாற்றுவதும், பருவம் முடிந்ததும் டேங்கையும் கார்புரேட்டரையும் வற்ற வைப்பதும் போதும்.

கேள்வி: துருவை எடுத்து, ஆலையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோலப் பெயின்ட் அடிக்க விருப்பம். எந்தக் கட்டத்தில் தொடங்குவது?

பதில்: ஒரு பருவம் முழுதும் வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகு. பெயின்டில் தொடங்கி, கழற்றிய பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கிடக்க, ஆர்வம் வடிந்து விற்பனைக்கு வந்த வண்டிகளே சந்தையில் மிகுதி. ஆலைப் பெயின்டும் உரிந்த ஸ்டிக்கரும் எஞ்சியிருக்கும் வண்டியை அடித்துத் தேய்ப்பதற்கு முன் ஒருமுறை தயங்குவதும் நல்லது. புதுப் பெயின்டை எந்த ஆண்டிலும் அடிக்கலாம், பழையதைத் திரும்பக் கொண்டுவர இயலாது. பளபளப்புக்குப் பரிசு கொடுக்கும் கண்காட்சிகள் இவ்விஷயத்தில் நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்துள்ளன என்று சொன்னால் மிகையாகாது.

துரு நீக்க மின்னாற்பகுப்பு நல்ல வழி: நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, துருப்பிடித்த இரும்புப் பாகத்தை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், வீணாகிப் போகலாம் என்று ஒதுக்கிய சாதாரண இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் அமிழ்த்தி வைத்தால், ஓரிரவில் துரு கருஞ்சேறாக உதிரும். நேர்முனையில் எவர்சில்வர் கூடாது, அதன் குரோமியம் நச்சுச் சேர்மமாகக் கரையும். அலுமினியப் பாகங்களை அந்தத் தொட்டியில் இடவும் கூடாது, காரம் அவற்றைத் தின்றுவிடும். ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் தொட்டி திறந்த வெளியில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஈயம் கலந்த வீட்டு உபயோகப் பெயின்ட் 1978இல்தான் தடைசெய்யப்பட்டது என்பதால், அக்காலத்து வண்டிகளின் பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே கருதி, உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல் ஈரமாகத் தேய்ப்பதும், கிளட்ச், பிரேக் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்று கொண்டு அவற்றைக் காற்றால் ஊதாமல் இருப்பதும் அவசியம்.

பெயின்ட் அடித்த மறுநாள் சார்ஜ் ஏறவில்லை என்று வரும் புகாருக்கும் விடை இங்கேயே உண்டு. இவ்வண்டிகளில் பெல்ட்டால் இணைந்த ஒரே கருவி ஸ்டார்ட்டராகவும் டைனமோவாகவும் வேலை செய்கிறது. அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தன் அடித்தகட்டின் வழியே வண்டியின் சட்டத்தோடு பூமி இணைப்புப் பெறுகிறது. சட்டத்தில் புதிய பெயின்ட் தடிப்பாக ஏறியதும் அந்த இணைப்பு அறுந்துவிடுவதால், போல்ட் அமரும் இடத்தில் மட்டும் இரும்பு தெரியச் சுரண்டி விட வேண்டும்.

கேள்வி: புதுப்பித்த வண்டியைக் கொண்டு உழ முடியுமா, அல்லது அணிவகுப்பில் ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா?

பதில்: உழலாம். அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் அறுவடை முடிந்த வயல்களில் இத்தகைய சிறு வண்டிகள் கூடி உழும் நாட்கள் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் நடைபெறுகின்றன. 10 அல்லது 12 குதிரைத்திறன் வண்டிக்கு 8 அல்லது 10 அங்குலம் அகலமுள்ள ஒற்றைக் கொழுக் கலப்பை பொருத்தம். இழுவையைத் தீர்மானிப்பது இன்ஜினைவிட டயரின் பிடிப்பே என்பதால், பின் சக்கரங்களில் வார்ப்பிரும்பு எடைகளும், ஆழமான பட்டைகள் கொண்ட டயரும் அல்லது சங்கிலியும் வேண்டும். முதல் சாலுக்குப் பின் வலச் சக்கரங்கள் சாலுக்குள்ளேயே ஓடுவதால் வண்டி ஒருக்களித்து நிற்கும். அதற்கேற்பக் கலப்பையைத் தரைக்கு நிமிர்வாகத் திருத்தாவிட்டால் மண் புரளாமல் கிழிபடும். சாய்வில் நெடுநேரம் ஓடும்போது தெளிப்பு உயவு இன்ஜினில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கும் என்பதும் நினைவிருக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்தால் இன்ஜினை அணைக்கும் சுவிட்ச் அக்காலத்து வண்டிகள் பலவற்றில் இல்லை. கலப்பையில் சிக்கிய வேரை எடுக்க இறங்கும் ஒவ்வொரு முறையும் கியரை விலக்கி, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டே இறங்க வேண்டும்.