கொடுத்தது என்ன, பெற்றது என்ன? – விரைவுச் சதுரங்கத்தில் கேம்பிட்

2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்த பிறகு நம் அரசுப் பள்ளிகளில் சதுரங்கப் பலகையைத் தேடி வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியிருப்பதை ஆசிரியர்கள் பலரும் உணர்ந்திருப்போம். வேட்டி கட்டிய குதிரை 'தம்பி'யின் படம் இன்றும் பல வகுப்பறைச் சுவர்களில் இருக்கிறது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் தம் 18ஆவது வயதில் உலகச் சாம்பியன் ஆனதும் அந்த ஆர்வம் இன்னும் ஒரு படி ஏறியது.

ஆனால் இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சதுரங்கம் ஆடுவது மரப்பலகையில் அல்ல, வீட்டுச் செல்பேசியில். நாசரேத் பகுதியில் பள்ளி விட்டு வீடு போனதும் அப்பாவின் போனை வாங்கி, முகம் தெரியாத ஒருவருடன் மூன்று நிமிட ஆட்டம் ஆடும் பிள்ளைகளை நான் நாள்தோறும் பார்க்கிறேன். அந்த ஆட்டத்தில் அவர்களுக்கு மிகவும் பிடித்தது, தொடக்கத்திலேயே ஒரு காயைக் கொடுத்து எதிரியைப் பொறியில் சிக்க வைக்கும் 'கேம்பிட்'. இதைத் தடுப்பதா, வளர்ப்பதா என்ற கேள்வி சதுரங்க மன்றத்தைக் கவனிக்கும் ஆசிரியர் எவருக்கும் வரும். பொறியையும் அதற்கான மாற்றையும் சேர்த்துக் கற்பித்தால், கேம்பிட் ஒரு நல்ல சிந்தனைப் பயிற்சியாகும். பொறியை மட்டும் பழகினால் அதுவே பிள்ளையின் வளர்ச்சிக்குத் தடையாகும். இதை எப்படி வகுப்பறைக்குக் கொண்டு செல்லலாம் என்று இக்கட்டுரையில் பார்ப்போம்.

கேம்பிட் என்றால் என்ன?

ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு சிப்பாயையோ வேறு காயையோ தெரிந்தே விட்டுக்கொடுத்து, பதிலுக்கு வேறொரு நன்மையைத் தேடுவது கேம்பிட். 'காலை இடறிவிடுதல்' என்ற பொருள் கொண்ட இத்தாலியச் சொல்லிலிருந்து வந்த இந்தப் பெயரை, 1561இல் வெளிவந்த தம் சதுரங்க நூலில் பயன்படுத்தியவர் ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ரூய் லோபஸ்.

காய்களின் மதிப்பு மாணவர்களுக்குத் தெரிந்ததே: சிப்பாய் 1, குதிரை 3, மந்திரி (பிஷப்) 3, யானை 5, ராணி 9. கேம்பிட்டில் இந்தக் கணக்கில் கொஞ்சம் இழக்கிறோம். ஈடாகக் கிடைக்கக்கூடியவை மூன்று. முதலாவது நேரம்: எதிரி காயை வெட்டிக்கொண்டிருக்கும்போது நம் காய்கள் வெளியே வந்துவிடும். இரண்டாவது வழி: சிப்பாய் போன இடத்தில் மந்திரிக்கும் ராணிக்கும் பாதை திறக்கும். மூன்றாவது, எதிரி ராஜாவின் பாதுகாப்பு குலைவது. இந்த மூன்றில் எதுவும் கிடைக்காமல் காயைக் கொடுத்தால் அது கேம்பிட் ஆகாது, வெறும் இழப்பு.

ஒரே நிலை, இரண்டு கேம்பிட்டுகள்

இதை விளக்க ஒரே தொடக்கத்திலிருந்து பிரியும் இரண்டு கேம்பிட்டுகள் போதும். பலகையின் நெடுவரிசைகளை ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று கொள்வோம். வெள்ளை இ4, கறுப்பு இ5. வெள்ளைக் குதிரை எஃப்3. கறுப்பு இ5 சிப்பாயைக் காக்காமல் தன் குதிரையை எஃப்6க்குக் கொண்டு வருகிறது. வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயை வெட்டுகிறது.

முதல் கேம்பிட் நம் நாட்டில் ஆடப்பட்டது. 1848இல் கல்கத்தாவில் ஸ்காட்லாந்து வழக்கறிஞர் ஜான் காக்ரேனும் வங்காளத்தின் மகேஷ்சந்திர பானர்ஜியும் ஆடிய ஆட்டம் அது. இந்த நிலையில் பானர்ஜி டி6 சிப்பாயை நகர்த்திக் குதிரையைத் துரத்தினார். குதிரையைப் பின்வாங்குவதே வழக்கம். காக்ரேனோ அதே குதிரையால் எஃப்7 சிப்பாயை வெட்டினார். கறுப்பு ராஜா அந்தக் குதிரையை வெட்டியாக வேண்டும். வெள்ளை கொடுத்தது ஒரு குதிரை. பெற்றது இரண்டு சிப்பாய்கள். அதோடு, இனிக் கோட்டை கட்ட முடியாமல் நடுப்பலகையில் நிற்கும் எதிரி ராஜா. இன்றும் இதற்குக் 'காக்ரேன் கேம்பிட்' என்றே பெயர். ஏறத்தாழ 150 ஆண்டுகள் கழித்து, 1999இல் லினாரஸ் போட்டியில் டோபலோவ் இதைக் கிராம்னிக்குக்கு எதிராக ஆடி டிரா செய்தார். உலகின் முன்னணி வீரர் ஒருவரே மெதுவான ஆட்டத்தில் துணிந்து ஆடக்கூடிய அளவுக்கு அதில் ஈடு இருக்கிறது.

இரண்டாவது கேம்பிட் இன்றைய செல்பேசிப் பிள்ளைகளுக்குப் பிடித்தது. அதே நிலையில் கறுப்பு டி6 ஆடாமல், இன்னொரு குதிரையைச் சி6க்குக் கொண்டு வருகிறது. வெள்ளை அந்தக் குதிரையை வெட்ட, கறுப்பு டி சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது. இது 'ஸ்டாஃபோர்டு கேம்பிட்'. அமெரிக்க வீரர் எரிக் ரோசனின் யூடியூப் காணொளிகளால் உலகெங்கும் பரவியது. கறுப்பு ஒரு சிப்பாயை இழந்திருக்கிறது. சி வரிசையில் இரட்டைச் சிப்பாய்களும் உருவாகிவிட்டன. பதிலுக்குக் காய்களுக்கு வழி திறந்திருக்கிறது.

இனிப் பொறியைப் பாருங்கள். வெள்ளை டி3 ஆடுகிறது. கறுப்பு மந்திரி சி5. வெள்ளை 'ராணிக்கு முன்னால் நிற்கும் குதிரையைக் கட்டிப்போடுவோம்' என்று மந்திரியை ஜி5க்கு நகர்த்துகிறது. பார்க்க இயல்பான நகர்வு. ஆனால் பெரும் தவறு. கறுப்புக் குதிரை ராணியைப் பற்றிக் கவலைப்படாமல் இ4 சிப்பாயை வெட்டுகிறது. வெள்ளை ஆசையோடு ராணியை வெட்டினால், கறுப்பு மந்திரி எஃப்2 சிப்பாயை வெட்டிச் செக் சொல்லும். வெள்ளை ராஜா போகக்கூடிய ஒரே கட்டம் இ2. அடுத்த மந்திரி ஜி4க்கு வந்தால் செக்மேட். ராணியைக் கொடுத்து எட்டே நகர்வில் ஆட்டம் முடிந்துவிட்டது. பிள்ளைகள் துள்ளிக் குதிக்காமல் என்ன செய்வார்கள்?

மாற்று மிக எளிது. ஜி5க்குப் போகாமல் வெள்ளை மந்திரியை எஃப்1இலிருந்து இ2க்கு நகர்த்தினால் போதும். ஜி4 கட்டம் காவலுக்குள் வந்துவிடும். ராஜாவுக்கு எஃப்1 கட்டம் திறக்கும். அதன் பிறகு கறுப்பிடம் மிஞ்சுவது ஒரு சிப்பாய் குறைவு.

மூன்று நிமிடத்தில் பொறி ஏன் பலிக்கிறது?

இங்கே ஒரு சிறு கணக்கு. மூன்று நிமிடம் என்பது 180 விநாடி. ஓர் ஆட்டம் 40 நகர்வு போகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு நகர்வுக்கு நாலரை விநாடி. மெதுவான ஆட்டத்தில் 90 நிமிடம் என்றால் 5,400 விநாடி; அதே 40 நகர்வுக்குத் தலா 135 விநாடி. இ2 மந்திரி நகர்வை 135 விநாடியில் கண்டுபிடிப்பது கடினமல்ல. நாலரை விநாடியில் கண்ணில் படுவது ஜி5தான். பொறி வைப்பவர் எல்லாவற்றையும் முன்பே மனப்பாடம் செய்திருக்கிறார். எதிரி அந்த நேரத்தில்தான் யோசிக்க வேண்டும். பொறியின் வலிமையில் பாதி கடிகாரத்தில் இருக்கிறது.

இதன் இன்னொரு விளைவையும் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். இணையச் செயலிகள் ஒருவருக்கு ஏறக்குறைய அவருடைய தரப்புள்ளி உள்ள எதிரியையே இணைத்துவிடும். பொறியால் வென்று வென்று பிள்ளையின் தரப்புள்ளி ஏறும். ஏறிய பிறகு அங்கே எதிரில் உட்காருபவர்களுக்கு அந்தப் பொறி தெரிந்திருக்கும். அப்போது கை கொடுக்க வேண்டிய நடு ஆட்டமும் இறுதி ஆட்டமும் இந்தப் பிள்ளைக்குப் பழக்கமில்லை. இதுவரை எட்டு நகர்விலேயே ஆட்டத்தை முடித்துவந்ததுதான் காரணம்.

எங்கள் பகுதியில் எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவருக்கு 'எங்லண்ட் கேம்பிட்' மிகப் பிடித்தம். வெள்ளை டி4 ஆடியதும் கறுப்பு இ5 சிப்பாயைக் கொடுப்பது. வெள்ளை வெட்டியதும் குதிரை சி6, ராணி இ7. வெள்ளை குதிரையாலும் மந்திரியாலும் சிப்பாயைக் காத்தால், கறுப்பு ராணி பி4இல் செக் சொல்லி, மந்திரி டி2இல் மறைத்ததும் பி2 சிப்பாயை வெட்டும். 'ராணியைப் பிடித்துவிடலாம்' என்று வெள்ளை மந்திரியைச் சி3க்கு நகர்த்தினால், கறுப்பு மந்திரி பி4க்கு வந்து, சில நகர்வில் ராணி சி1இல் செக்மேட் செய்யும். இல்லையென்றால் யானையாவது போகும். செல்பேசியில் இதைக் கொண்டு அவர் வென்ற ஆட்டங்கள் ஏராளம். குறுவட்டப் போட்டியில் எதிரே அமர்ந்த மாணவி மந்திரிக்குப் பதிலாகக் குதிரையைச் சி3க்குக் கொண்டு வந்தார். அதுவே சரியான மாற்று. கறுப்பு ராணி எதிரியின் எல்லைக்குள் தனியாக அலைய, வெள்ளைக் காய்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தோல்வியைவிட வருத்தம் தந்தது வேறு. 'எனக்குச் செஸ் வராது சார்' என்று சொல்லி அந்த மாணவர் பல வாரங்கள் பலகைப் பக்கமே வரவில்லை. அவருக்கு வராமல் போனது ஒரு பொறி. அவர் நினைத்துக்கொண்டதோ சதுரங்கமே வராது என்று. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதே நம் வேலை.

விரைவாட்டம் கெட்டதா?

அல்ல. 1972இல் மானுவல் ஆரோன் சென்னையில் தொடங்கிய மிகைல் தால் சதுரங்க மன்றத்தில் சிறுவன் ஆனந்த் பிளிட்ஸ் ஆடி வளர்ந்தார். வென்றவர் பலகையில் தொடர்ந்து அமர்வார். தோற்றவர் எழுந்து வரிசையில் காத்திருக்க வேண்டும். அந்த வேகமே அவருக்கு 'மின்னல் சிறுவன்' என்ற பெயரைத் தந்தது. 2017இல் தம் 48ஆவது வயதில் ரியாத் நகரில் உலக ரேப்பிட் சாம்பியன் பட்டத்தையும் அவர் வென்றார். 2022 பிப்ரவரியில் 16 வயது பிரக்ஞானந்தா மேக்னஸ் கார்ல்சனை வென்றதும் இணைய ரேப்பிட் ஆட்டத்தில்தான்.

மறுபக்கத்தையும் காட்ட வேண்டும். குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, தொடக்க ஆண்டுகளில் செஸ் கணினியின் உதவியை அவருக்குத் தராமல் தாமே யோசிக்கப் பழக்கினார். உலகச் சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டத்தில், டிரா ஆகிவிடும் என்று பலர் எண்ணிய இறுதி நிலையில் குகேஷ் பொறுமையாக ஆடிக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்வில் டிங் லிரென் தவறினார். அந்தப் பட்டம் வந்தது எட்டாவது நகர்வில் அல்ல.

வகுப்பறைச் செயல்பாடு

உணவு இடைவேளையிலோ விளையாட்டுப் பாடவேளையிலோ 40 நிமிடத்தில் இதைச் செய்யலாம். பலகை போதாவிட்டால் அட்டையில் கட்டம் வரைந்து சோடா மூடிகளில் எழுத்து ஒட்டிக்கொள்ளலாம். உயர் தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில் நிலையைத் திரையில் காட்டலாம்.

1. பொறி நிலை (5 நிமிடம்): ஸ்டாஃபோர்டு நிலையில், வெள்ளை ஜி5 ஆடுவதற்கு முந்தைய நகர்வில் காய்களை அடுக்கவும். எந்தக் குறிப்பும் தராமல் 'வெள்ளை என்ன ஆடலாம்?' என்று மட்டும் கேட்கவும். எல்லா விடைகளையும் கரும்பலகையில் எழுதவும்.

2. பொறியைக் காட்டுதல் (5 நிமிடம்): ஜி5 என்ற விடையை எடுத்துச் செக்மேட் வரை ஆடிக் காட்டவும். ராஜாவைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கட்டமும் ஏன் அடைபட்டது என்பதை மாணவர்களே சொல்ல வேண்டும்.

3. மாற்றைத் தேடுதல் (10 நிமிடம்): இருவர் இருவராக அமர்ந்து பொறிக்கு மாற்றுக் கண்டுபிடிக்கட்டும். இ2 வராவிட்டால், 'கறுப்புக்குக் கடைசியில் எந்தக் கட்டம் தேவைப்பட்டது?' என்று கேட்டால் போதும்.

4. கணக்கு எழுதுதல் (5 நிமிடம்): குறிப்பேட்டில் 'கொடுத்தது', 'பெற்றது' என இரண்டு பத்திகள். பெற்றதன் கீழ் நேரம், வழி, எதிரி ராஜாவின் நிலை ஆகியவற்றை எழுத வேண்டும். காக்ரேன் கேம்பிட்டுக்கும் இதே கணக்கை எழுதி ஒப்பிடச் சொல்லலாம்.

5. பொறி தவறிய பிறகு (15 நிமிடம்): மாற்று ஆடப்பட்ட நிலையிலிருந்து ஆட்டத்தைத் தொடர வேண்டும். இதில் கறுப்பை ஆடுபவர் கேம்பிட்டை மிகவும் விரும்பும் மாணவராக இருக்கட்டும். ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் தாக்குப்பிடிப்பது எப்படி என்பதை அவர் இங்கேதான் கற்பார். மேலே சொன்ன எட்டாம் வகுப்பு மாணவரை மீண்டும் பலகைக்குக் கொண்டுவந்தது இந்த ஐந்தாவது படிதான்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் நிகழ்தகவுப் பாடத்தோடும் இதை இணைக்கலாம். 'பொறி பத்தில் நான்கு முறை பலித்து வெற்றி தருகிறது. மற்ற ஆறில் ஒரு முறையே வெல்ல முடிகிறது என்று கொள்வோம். மொத்த வெற்றி வாய்ப்பு என்ன? பொறி பத்தில் ஒரு முறை மட்டுமே பலித்தால்?' என்று கணக்குக் கொடுக்கலாம். எதிரி வலுவாக ஆக விடை எப்படி இறங்குகிறது என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

வீட்டில் ஆடும் பிள்ளைகளுக்கு

செல்பேசி ஆட்டத்துக்கு மூன்று எளிய விதிகளைப் பெற்றோரிடமும் சொல்லி வைக்கலாம். ஒரு விரைவாட்டம் ஆடினால், அடுத்ததைத் தொடங்கும் முன் ஆடிய ஆட்டத்தை ஒரு முறை பின்னோக்கிப் பார்க்க வேண்டும். கணினி சொல்லும் விடையைப் பார்க்கும் முன் தவறைத் தானே தேட வேண்டும். ஒரு நாளுக்கு இத்தனை ஆட்டம் என்று முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். லிச்செஸ் போன்ற கட்டணமில்லாத தளத்தில் விளம்பரம் இல்லை. குழந்தைகளுக்கான அமைப்பை இயக்கினால் முன்பின் தெரியாதவர்களின் அரட்டையும் வராது. கணக்குத் தொடங்கும்போதே பெரியவர் ஒருவர் உடனிருந்து இதைச் செய்துவிடுவது நல்லது.

ஒரு பிள்ளை 'சார், எட்டே மூவில் முடிச்சிட்டேன்' என்று ஓடி வந்தால் முதலில் மகிழ்ந்து பாராட்டுவோம். அடுத்து, 'அவர் சரியாக ஆடியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்?' என்று கேட்போம். அதற்கு விடை சொல்லத் தெரிந்த பிள்ளை எந்தக் கேம்பிட்டையும் தாராளமாக ஆடலாம்.