பிள்ளையில்லாமைக்குப் பெண் மட்டுமா காரணம்?

திருமணமாகி ஓராண்டு கழிந்ததும் "ஏதும் விசேஷம் இல்லையோ?" என்ற கேள்வி தொடங்கிவிடும். இடம்பெயர்ந்து, கொட்டிலிலோ உறவினர் வீட்டு விறாந்தையிலோ வாழ்பவர்களுக்கு அக்கேள்வியிலிருந்து ஒதுங்க ஓர் அறைகூட இல்லை. கேள்வி பெண்ணிடமே கேட்கப்படுகிறது. "மலடி" என்ற சொல் நமது வாயில் இலகுவில் வருகிறது. "மலடன்" என்று யாரும் சொல்வதில்லை. இது நீதியானதா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

தோட்டம் சொல்லும் பாடம்

நாம் உண்ணும் வாழைப்பழத்தில் வித்து இல்லை. ஏன்? பரம்பரை இயல்புகளைச் சுமக்கும் நுண்ணிய இழைகள் ஒவ்வோர் உயிரணுவிலும் உள்ளன. இவையே நிறமூர்த்தங்கள். பெரும்பாலான உயிர்களில் இவை சோடி சோடியாக இருக்கும். நாம் பயிரிடும் வாழையினங்கள் பலவற்றிலோ மும்மூன்றாக உள்ளன. மூன்றைச் சரிபாதியாகப் பங்கிட முடியாது. ஆகவே வித்து உண்டாவதில்லை. அதனாற்றான் குட்டி பிரித்து நடுகிறோம். இதற்காக வாழையை எவரும் ஏசுவதில்லை.

மனிதரில் நடப்பது

மனிதருக்கு 46 நிறமூர்த்தங்கள், அதாவது 23 சோடிகள் உண்டு. கடைசிச் சோடி பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஒரு வை.

ஏறத்தாழ 600 ஆண் குழந்தைகளில் ஒன்று ஓர் எக்ஸ் கூடுதலாகப் பிறக்கின்றது. அமெரிக்க வைத்தியர் கிளைன்பெல்ரர் 1942இல் இக்குறைபாட்டை விவரித்தார். அதன் காரணம் 1959இல் தெரியவந்தது. இவ்வாறு பிறந்தவர் வளர்வார், மணம் முடிப்பார், மண்வெட்டி பிடித்து உழைப்பார். ஆனால் அவரது விந்தில் பெரும்பாலும் விந்தணு இராது.

ஏறத்தாழ 2,500 பெண் குழந்தைகளில் ஒன்றுக்கு ஓர் எக்ஸ் குறைவாக இருக்கும். சூலகம் சரியாக வளராது. வயதுக்கேற்ற உயரமில்லாத, பெரியபிள்ளையாகப் பிந்தும் மகளைத் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுவது நல்லது.

சில ஆண்களின் வை நிறமூர்த்தத்தில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருக்கும். ஐதராபாத் ஆய்வாளர்கள் விந்தணுவே இல்லாத 340 இந்திய ஆண்களைச் சோதித்தபோது 29 பேரிடம் இக்குறையைக் கண்டனர். இவ்வாய்வு 2003இல் வெளிவந்தது. இலங்கை ஆண்களிடம் நடத்திய இத்தகைய ஆய்வொன்று 2006இல் வெளிவந்தது.

எல்லாவற்றுக்கும் பரம்பரையே காரணம் அல்ல. வளர்ந்தபின் வரும் கூகைக்கட்டு, தொற்றுநோய், ஓமோன் குறைபாடு, கருக்குழாய் அடைப்பு எனப் பல உண்டு. பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறக்குறைய அரைவாசிப் பேரில் ஆணின் பங்கும் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

ஓராண்டு கூடி வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் கணவனும் மனைவியும் சேர்ந்தே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். ஆணுக்கு முதலில் விந்துப் பரிசோதனை. அது இலகுவானது, வலியில்லாதது. அதைச் செய்யாமல் பெண்ணுக்கு மாதக்கணக்கில் மருந்து கொடுப்பதும், நகையை அடகு வைத்து அலைவதும் வீண். விந்தணு மிகக் குறைவு அல்லது இல்லை என்றால், சிறிதளவு குருதி எடுத்து நிறமூர்த்தங்களைப் பார்க்கலாம். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இத்துறைக்கான அலகு 1983இல் அமைக்கப்பட்டது.

காரணம் தெரிந்தால் எல்லாம் குணமாகும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பயனற்ற செலவு நிற்கும், பழி நிற்கும். பிறக்கும்போதே அமைந்த ஒன்றுக்கு ஆணும் குற்றவாளி அல்ல, பெண்ணும் குற்றவாளி அல்ல.

விசுவாசமும் அறிவும்

பிள்ளையின்மையைக் குறைக்க முயலும் ஆய்வுகளைத் திருச்சபை ஊக்குவிக்கிறது. உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் முறையை அது ஏற்பதில்லை. 1987இல் உரோமை வெளியிட்ட போதனையில் இது விளக்கப்பட்டது. ஆனால் காரணத்தை அறிவதற்கான சோதனைக்குத் தடையில்லை. விவிலியத்தில் அன்னாவைப் பெனின்னா குத்திப் பேசினாள். குருவாகிய ஏலிகூட அவளது கண்ணீரைத் தவறாக எண்ணினார். நாமும் அப்படி இருக்கலாமா?

இவற்றைத் தமிழில் பேச வெட்கப்படவும் தேவையில்லை. 1847இல் இலங்கைக்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், நமது மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மகப்பேற்று நூலொன்றையும் தமிழாக்கினார். அன்று தமிழில் கற்பிக்க முடிந்ததை இன்று நமது குடும்பங்களில் பேச முடியாதா?

குழுவாகச் சிந்திப்போம்

1. நமது முகாமில், கிராமத்தில் பிள்ளையில்லாத பெண்ணைச் சுபகாரியங்களில் ஒதுக்குகிறோமா?
2. பரிசோதனைக்குச் செல்ல ஆண்கள் தயங்குவது ஏன்? அவர்களுடன் பேசக்கூடியவர் யார்?
3. வைத்தியசாலைக்குச் செல்லும் தம்பதியருக்குப் பயணச் செலவில் நமது சங்கம் எவ்வாறு உதவலாம்?