புது விண்டோஸ் போட்டதும் கணனி குழப்படி செய்தால்

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் கம்பனி வழமையாகக் கொடுத்து வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றன. அதனால் பிள்ளைகள் படிக்கிற கணனியை விண்டோஸ் 11க்கு மாற்ற வேண்டிய நிலை நம்மில் பலருக்கும் வந்திருக்கிறது. மாற்றிய மறுநாளே "சத்தம் வரல, பிரிண்டர் அடிக்கல, வைபை காணோம்" என்ற முறைப்பாடும் கூடவே வருகிறது. உடனே டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். கடையில் "போர்மட் பண்ணணும்" என்கிறார்கள். நாமும் தலையை ஆட்டிவிடுகிறோம். பிள்ளையின் உயர்தரக் குறிப்புகள், கலியாணப் படங்கள், மரண உதவிச் சங்கக் கணக்கு எல்லாம் அந்த ஒரு தலையாட்டலில் போய்விடும்.

பெரும்பாலான நேரங்களில் போர்மட் தேவையே இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

கணனிக்குள் இருக்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் 'டிரைவர்' என்று ஒரு சிறிய மென்பொருள் உண்டு. துரை சொல்வதை மலையில் ஆட்களுக்கு எடுத்துச் சொல்லும் கங்காணி மாதிரி, விண்டோஸ் சொல்வதை உறுப்புக்கு எடுத்துச் சொல்வது அதுதான். புதுத் துரை வந்துவிட்டார், பழைய கங்காணிக்கு அவர் பேச்சு விளங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் நல்லாத்தான் இருக்கிறார்கள், வேலைதான் நடக்காது. மாற்றத்துக்குப் பின் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான் என்பது நமது அனுபவம்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, பழுது உறுப்பிலா அல்லது டிரைவரிலா என்பதை. பிரிண்டரைக் கணனியிலிருந்து கழற்றிவிட்டுத் தனியாகச் சோதனைத் தாள் அடித்துப் பாருங்கள். அடித்தால் பிரிண்டர் நல்லாயிருக்கு. வைபை கிடைக்காவிட்டால் அதே இடத்தில் கைத்தொலைபேசியில் கிடைக்கிறதா பாருங்கள். சத்தம் இல்லாவிட்டால், கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, சத்தம் வேறு எங்காவது திருப்பிவிடப்பட்டிருக்கிறதா பாருங்கள். மொனிட்டரோ டீவியோ இணைத்திருந்தால் சில நேரம் சத்தம் அதன் பக்கம் போய்விடும். இதற்காகக் கடைக்குப் பஸ் காசு செலவழித்தவர்களும் உண்டு.

அடுத்து, ஸ்டார்ட் பொத்தானின் மேல் மவுசின் வலது பொத்தானை அழுத்துங்கள். வரும் பட்டியலில் 'டிவைஸ் மெனேஜர்' இருக்கும். அதைத் திறந்தால் உறுப்புகளின் பெயர்கள் வரிசையாக வரும். எந்தப் பெயரில் மஞ்சள் முக்கோணம் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். பெயரின் மேல் இரண்டு முறை அழுத்தினால் ஓர் இலக்கம் காட்டும். 28 என்றால் டிரைவர் இல்லை. 10 என்றால் உறுப்பு வேலை தொடங்கவில்லை. பெரும்பாலும் பொருந்தாத டிரைவர்தான் காரணம். இந்த இலக்கத்தைக் கொப்பியில் எழுதிவையுங்கள், பிறகு உதவும்.

டிரைவரை எங்கே எடுப்பது? விண்டோஸ் அப்டேட் பகுதியில் 'ஒப்ஷனல் அப்டேட்ஸ்' என்று ஓர் இடம் உண்டு, அங்கே பாருங்கள். இல்லாவிட்டால் கணனியைச் செய்த கம்பனியின் இணையத்தளத்துக்குப் போய், லெப்டொப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மொடல் இலக்கத்தைக் கொடுத்து எடுக்கலாம். "எல்லா டிரைவரும் இலவசமாகப் போட்டுத் தருவோம்" என்று விளம்பரத்தில் வரும் மென்பொருட்களைத் தொடவே வேண்டாம்.

வைபையே இல்லாதபோது டிரைவரை எப்படி இறக்குவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கைத்தொலைபேசியைச் சார்ஜர் வயரால் கணனியில் இணைத்து, தொலைபேசியின் செட்டிங்கில் 'யூ.எஸ்.பி. டெதரிங்' என்பதைப் போட்டுவிடுங்கள். பெரும்பாலான அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் இது வேறு எதுவும் போடாமலே வேலை செய்யும். டேட்டா முடியும்வரை ஓடும், அதனால் படம் பார்க்கக் குந்திவிடாமல் டிரைவரை மட்டும் இறக்குங்கள்.

நம்மவர்களுக்கே உரிய தலைவலி இன்னொன்று உண்டு. கடையில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்ட பிறகு, பழைய தமிழ்க் கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். "வைரஸ் புகுந்துட்டு" என்று பயப்பட வேண்டாம், எழுத்து எதுவும் அழியவில்லை. அந்தக் கடிதம் பாமினி எழுத்துருவில் அடித்தது, புது விண்டோசில் பாமினி இல்லை, அவ்வளவுதான். பாமினி உள்ள கணனியிலிருந்து அந்தக் கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவந்து, அதன் மேல் வலது பொத்தானை அழுத்தி 'இன்ஸ்டோல்' கொடுத்தால் கடிதம் பழையபடி தமிழில் நிற்கும்.

எல்லாக் குற்றத்தையும் விண்டோசின் தலையில் போடவும் முடியாது. மேசைக் கணனியைக் கரண்டிலிருந்து கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் திகதி பல வருடம் பின்னால் போனால், உள்ளே காசு மாதிரி இருக்கும் சிறிய பெட்டரி செத்துவிட்டது. பெரும்பாலும் சீ.ஆர். 2032 என்று அதில் எழுதியிருக்கும். திகதி பிழைத்தால் இணையத்தளங்களும் திறக்க மறுக்கும். பெட்டரியை மாற்றினால் போதும்.

எதுவும் சரிவராவிட்டால் பழைய விண்டோசுக்கே திரும்பலாம். ஆனால் மாற்றிய நாளிலிருந்து 10 நாட்கள்தான் தவணை. செட்டிங்சில் 'சிஸ்டம்', அதற்குள் 'ரிகவரி', அதற்குள் 'கோ பேக்'. பழையது 'விண்டோஸ் ஓல்ட்' என்ற பெட்டியில் அதுவரை காத்திருக்கும். இடம் போதவில்லை என்று அதை அழித்தால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். ஆகவே சம்பளம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல், மாற்றிய அன்றே பிரிண்டர், சத்தம், கமரா எல்லாவற்றையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

சில கணனிகள் மாற்றத்துக்குப் பின் நீல நிறத் திரையில் 48 இலக்கத் திறவுகோல் கேட்கும். அது பிட்லொக்கர் என்ற பூட்டு. திறவுகோல் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். வேறு தொலைபேசியிலிருந்து அந்தக் கணக்குக்குள் போய் எடுக்கலாம். கணக்குக்குள் போக எந்த வழியும் இல்லாமல், திறவுகோலை வேறெங்கும் எழுதியும் வைக்காவிட்டால், எந்தக் கெட்டிக்காரராலும் உள்ளே இருப்பதை மீட்க முடியாது. கணனி நல்லாயிருக்கும்போதே திறவுகோலை எடுத்து, அடையாள அட்டை வைக்கும் இடத்தில் எழுதி வையுங்கள்.

கடைக்குப் போயே ஆகவேண்டும் என்றால், முக்கியமானவற்றைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, எழுதிவைத்த இலக்கத்தைக் காட்டி, "தம்பி, இந்த டிரைவரை மட்டும் போட்டுத் தாங்க, எங்களைக் கேட்காம போர்மட் பண்ண வேணாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூலி எவ்வளவு என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.