இரத்தத்தில் அமிலம் கூடினால்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் உறவினர்களிடம் நாங்கள் அடிக்கடி தெரிவிக்க நேரும் செய்தி, ‘நோயாளியின் இரத்தத்தில் அமிலத்தன்மை கூடியுள்ளது’ என்பதாகும். புளிப்பான உணவு உண்டதால் இது வந்ததோ எனச் சிலர் கேட்பதுண்டு. உணவின் புளிப்பாலோ நெஞ்செரிச்சலாலோ இந்நிலை உண்டாவதில்லை. உடலின் உள்ளே நிகழும் ஒரு பெருங்கோளாற்றின் வெளிப்பாடே இது.

எண் கூறுவது என்ன?

அமில காரச் சமநிலையைப் பி.எச். என்னும் அளவால் குறிக்கிறோம். நலமாக இருப்பவரின் தமனி இரத்தத்தில் இது 7.35 முதல் 7.45 வரை இருக்கும். இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள். 7.4 என்பது 7.1 ஆகக் குறைவது சிறு வேறுபாடாகத் தோன்றலாம். உண்மையில் இரத்தத்தின் அமிலம் இரு மடங்காகிவிட்டது. 7.2-க்குக் கீழே சென்றால் நிலைமை கடுமையானதெனக் கொள்கிறோம். அப்போது இதயம் சுருங்கும் ஆற்றல் குன்றும். இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்துகளின் பயனும் குறையக்கூடும்.

இச்சமநிலையைக் காப்பவை நுரையீரலும் சிறுநீரகமும் ஆகும். நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்றிச் சில நிமிடங்களிலேயே ஈடுசெய்யத் தொடங்கும். சிறுநீரகம் அமிலத்தைச் சிறுநீரில் கழிக்கும். அது முழுமையாக ஈடுசெய்யச் சில நாட்கள் ஆகும்.

ஒரே எண், வெவ்வேறு முடிவுகள்

இன்சுலின் குறைவால் கீட்டோன் அமிலம் பெருகிய சர்க்கரை நோயாளி ஒருவரின் பி.எச். 7.0 என இருக்கலாம். உரிய நேரத்தில் இன்சுலினும் நீர்மமும் அளித்தால் இத்தகையோரில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகின்றனர். கடும் நோய்த்தொற்றால் இரத்த அழுத்தம் வீழ்ந்தவருக்கும் அதே எண் வரலாம். அவருடைய திசுக்களுக்குப் போதிய பிராணவாயு கிட்டாமல் லாக்டேட் பெருகியிருந்தால், உயிருக்கான ஆபத்து மிக அதிகம். ஆகவே எண்ணை மட்டும் கொண்டு முடிவைக் கணிப்பது இயலாது. காரணத்தையும் அறிய வேண்டும்.

‘அமிலத்தை முறிக்கும் மருந்தை உடனே ஏற்றலாமே?’ என்பது நியாயமான கேள்வி. சோடியம் பைகார்பனேட் என்னும் அம்மருந்து எங்களிடம் உள்ளது. 2018-ஆம் ஆண்டு வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், கடும் அமிலநிலை கொண்ட நோயாளிகள் அனைவரையும் சேர்த்து நோக்கியபோது இம்மருந்தால் உயிர்பிழைப்பு தெளிவாகக் கூடவில்லை. சிறுநீரகமும் பழுதுற்றவர்களுக்கு மட்டும் பயன் தென்பட்டது. அவர்களை மட்டுமே கொண்டு பின்னர் நடந்த ஆய்வில் டயாலிசிஸ் தேவை குறைந்தது, இறப்பு குறையவில்லை. எனவே தேர்ந்தெடுத்த சிலருக்கே இதனைத் தருகிறோம். தொற்றை ஒழித்தல், இரத்த ஓட்டத்தைச் சீராக்குதல், தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசமும் டயாலிசிஸும் அளித்தல் ஆகியவையே முதன்மைச் சிகிச்சை.

அடிக்கடி இரத்தம் எடுப்பது ஏன்?

மணிக்கட்டுத் தமனியிலிருந்து மீண்டும் மீண்டும் இரத்தம் எடுப்பது காண்போருக்கு வருத்தம் தரும் என்பதை அறிவோம். முதல் அளவைவிட, அடுத்தடுத்த அளவுகள் செல்லும் திசையே எங்களுக்கு வழிகாட்டுகிறது. லாக்டேட் இயல்பாக லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குள் இருக்கும். 4-க்கு மேல் இருந்தது சில மணி நேரத்தில் இறங்கத் தொடங்கினால் அது நல்ல அறிகுறி. சிகிச்சைக்குப் பின்னும் ஏறிக்கொண்டே சென்றால் அதனை மறைக்காமல் உங்களிடம் கூறுவோம்.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை

மருத்துவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: ‘அமிலம் கூடியதற்குக் காரணம் என்ன? நேற்றைவிட இன்று குறைந்துள்ளதா?’ நோயாளி உட்கொண்ட எல்லா மருந்துகளின் பட்டியலையும் தாருங்கள். மெட்ஃபார்மின் உட்கொண்டதையும் முன்பே சிறுநீரகக் கோளாறு இருந்ததையும் தவறாமல் குறிப்பிடுங்கள்.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருப்பின், காய்ச்சலோ வாந்தியோ வந்து உணவு குறைந்த நாளிலும் மருத்துவரைக் கேளாமல் இன்சுலினை நிறுத்தாதீர்கள். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குதல், மயக்கநிலை, சிறுநீர் குறைதல் ஆகியவை தென்பட்டால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே அழைத்து வாருங்கள். காரணத்தை விரைந்து கண்டறிந்தால் உயிர்பிழைக்கும் வாய்ப்பு கூடும்.