உள்ளங்காலில் தோன்றும் கரும்படை

முள் தைத்த தழும்பும், கல் இடித்த இரத்தக்கட்டும், கால் ஆணியும் விவசாயப் பெருமக்களின் பாதங்களில் சாதாரணமாகக் காணப்படுபவை. ஆகவே அங்கு ஒரு கரும்படை தோன்றினால் எவரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. இரத்தக்கட்டாயின் சில வாரங்களில் தானே மறையும். மறையாமல் விரிந்துகொண்டே போகும் படை 'மெலனோமா' என்னும் தோல் புற்றுநோயாக இருக்கக்கூடும். நோய் அபூர்வமானதே; ஆயினும் நம்மைப் போன்ற கருநிற மக்களுக்கு அது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களிலேயே தோன்றுகிறது.

கறுத்த தோலெல்லாம் புற்றுநோய் என்று அஞ்ச வேண்டுவதில்லை. கழுத்தைச் சுற்றி வெல்வெட்டுத் துணிபோல் தடித்துக் கறுத்திருப்பதை வைத்தியர் பெரும்பாலும் கண்ணால் கண்டே அறிவார். அங்கு வேண்டுவது கத்தியன்று, இரத்தத்தில் சர்க்கரை உள்ளதா என்னும் பரிசோதனையே.

பாதத்துப் படை எப்பொழுது தோன்றிற்று, வளர்ந்ததா, இரத்தம் கசிந்ததா என்று வைத்தியர் முதலில் வினவுவார். பின்னர் ஓரம் கோணலாக உள்ளதா, கறுப்பும் பழுப்புமாக நிறம் கலந்துள்ளதா என்று நோக்குவார். தொடையிடுக்கில் நெறி கட்டியுள்ளதா என்றும் தடவிப் பார்ப்பார். 'டெர்மாஸ்கோப்' என்னும் விளக்குடன் கூடிய பூதக்கண்ணாடியில் உள்ளங்கால் தோல் உழுத நிலம்போல் வரப்பும் சாலுமாகத் தெரியும். கருமை சால் வழியே ஓடினால் பெரும்பாலும் வெறும் மச்சம். வரப்பின்மேல் ஓடினால் சந்தேகம் வலுக்கும்.

சந்தேகத்தைத் தீர்ப்பது திசுப் பரிசோதனை. மரத்துப்போக ஊசி போட்டு, படை முழுவதையுமோ, பெரிதாயின் ஒரு பகுதியையோ எடுப்பர். அதனை பார்மலினில் இட்டு, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்வர். புற்று எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியுள்ளது என்பதைக் கொண்டே ஆபத்தைக் கணிக்கலாம் என்று அமெரிக்க நிபுணர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970இல் காட்டினார். ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கையில் அகற்றப்பெற்றவர்களில் பெரும்பாலோர் பிழைக்கின்றனர்.

கத்தி பட்டால் புற்று பரவும் என்று கிராமத்தில் கூறுவது ஆதாரமற்றது. உண்மையில் கேடு விளைப்பது, ஆணியென்று கருதிப் பிளேடால் சீவுவதும் காரம் வைத்துச் சுடுவதுமே. அதனால் மேற்புறம் சிதைந்து, நோய் அறியப்படுவதும் தாமதமாகிறது.

முடிவு தெரியச் சில நாட்களாகும். பஸ் கட்டணத்தையும் ஒரு நாள் கூலியையும் எண்ணிப் பலர் இரண்டாம் முறை ஆஸ்பத்திரிக்குச் செல்வதில்லை. பஞ்சாயத்து அங்கத்தினர் அவரை மீண்டும் அனுப்பிவைத்து, முடிவுச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்தச் செய்தல் வேண்டும்.